ஓட்டினவங்க மேல தப்பு இல்ல

செங்கம்மா: எறங்க மாட்டேன் சார். பிரேக்க சரி பண்ணுங்க, அப்பறம் எறங்கறேன்.

நாகபூஷணம்: அம்மா தல்லி, இது ஒர்க்‌ஷாப்பு. வாசல அடச்சிக்கிட்டு நிக்கிற வண்டில நீங்க இப்டி உக்காந்துட்டா, மத்த வண்டிங்க எப்டி உள்ள வரும்?

செங்கம்மா: வர வேணாம். எல்லாம் உங்க கம்பெனி வண்டிங்கதானே? அதுங்களுக்கு பிரேக் இருக்குதோ இல்லியோ... தள்ளியே நிக்கட்டும்.

அப்பாவு: மே செங்கா... எறங்கு மே. மேனேஜர் சாரு நல்லபடியாத்தான் பேசறாரு...

செங்கம்மா: நீ சும்மா இருய்யா.

நாகபூஷணம்: பாருங்க அப்பாவு, நான் சுத்தி வளச்சுப் பேசல. இந்தப் பேப்பர்ல ஒரே ஒரு கையெழுத்து. போட்டீங்கன்னா எங்க ஆளுங்க பிரேக்கப் பிரிச்சு, தொடச்சு மாட்டிக் குடுத்துடுவாங்க. சாயந்திரம் வரதய்யபாளையம் போய்ச் சேந்துடலாம்.

அப்பாவு: பேனா இருக்குதா சார்?

செங்கம்மா: பேனாவத் தொட்ட... இங்கியே கத்துவேன். அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சியா நீ?

அப்பாவு: இங்கிலீஷ்ல இருக்குது.

செங்கம்மா: சார், காலைல சொன்னீங்களே, இன்னொரு தபா சொல்லுங்க. அவரும் கேக்கட்டும்.

நாகபூஷணம்: அதான்... ஓட்டினவரோட கவனக்குறைவால வண்டி மலைப் பாறைல மோதிடுச்சு. வண்டில எந்தப் பழுதும் இல்ல. அவ்ளோதாம்மா. வழக்கமா எழுதறதுதான்.

செங்கம்மா: வழக்கமாவா?

நாகபூஷணம்: ...ஒரு பேச்சுக்கு சொன்னேன்.

அப்பாவு: என்னியத்தானே மே எழுதறாங்க? எழுதிட்டுப் போவட்டும். எனக்கு இன்னா, ஒடம்புலயா ஒட்டிக்கப் போவுது?

செங்கம்மா: ஒட்டிக்கும்யா. இந்தப் பேப்பரு இங்கேர்ந்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவும். நாளைக்கு சூளூர்பேட்டை ஸ்டேஷன்ல வாடகைக்கு வண்டி நிறுத்தணும்னு பர்மிட் கேட்டுப் போய் நிப்பே. இந்த வண்டி ஓட்டினவங்க கவனமில்லாதவங்கன்னு அங்க எழுதி வச்சிருப்பான். எவன் குடுப்பான் பர்மிட்டு? கழனி வேலையோட இந்த வண்டியும் ஓடினாத்தான் நாம நிமிர முடியும்னு நீதானே சொன்னே?

அப்பாவு: சொன்னேன்...

செங்கம்மா: பர்மிட்டே போனாலும் போவட்டும். ஆனா அது பொய்யி. மலையிலேர்ந்து எறங்கிக்கினு இருக்குது வண்டி. பிரேக்கு மிதிச்சா தரைக்குப் போவுது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அதல பாதாளம். பாதாளத்துல வுடாம, பாறையோட ஒரசி ஒரசி, கல்லு குமிச்ச எடத்துல கொண்டு போய் நிறுத்தி, நாலு உசிரக் காப்பாத்தினதுக்குப் பேரு கவனக்குறைவா? எனக்கு வயிறு எரியுது சார். அந்த வார்த்தையக் கேட்டதுலேர்ந்து சோறு எறங்கல.

நாகபூஷணம்: நாலு உசிரா? இருங்க... நீங்க, உங்க நாத்தனார், மொட்ட போட்ட புள்ளைங்க ரெண்டு. இவரு ஒருத்தரு. அஞ்சு இல்ல?

அப்பாவு: என் உசிர அவ கணக்குல சேக்கறதே இல்ல சார். கண்ணாலம் ஆனதுலேர்ந்து அப்டித்தான்.

நாகபூஷணம்: ஹ ஹ... எங்க வீட்லயும் அதே கணக்குதான். சரே, ஒரு விஷயம் கேளுங்கம்மா. இது மெட்ராஸ் வண்டி. மெட்ராஸ்ல வாங்கினது. கியாரண்டின்னு கேக்கணும்னா அங்க போய்த்தான் கேக்கணும்.

செங்கம்மா: காலைல என் எதிருலதானே மெட்ராசுக்கு டிரங்கால் போட்டீங்க? அங்க இன்னா சொன்னாங்க?

நாகபூஷணம்: அவங்க சொல்றாங்க... வரதய்யபாளையம் ஒண்ணாந்தேதிலேர்ந்து ஆந்திராவுல சேந்துடுச்சாம். ஆந்திரா ஆளுங்களுக்குத் திருப்பதி ஏஜெண்டுதான் ஜவாபு சொல்லணுமாம்.

செங்கம்மா: அதாவது உங்களுக்கு நாங்க மெட்ராஸ், அவங்களுக்கு நாங்க ஆந்திரா.

நாகபூஷணம்: நான் என்னம்மா பண்ணட்டும்?

செங்கம்மா: தை மாசம் வண்டி வாங்கினப்ப எங்க ஊரு அங்க இருந்துச்சு. சித்திரைல பாத்தா இங்க இருக்குது. நாங்க ஒரு அடி நவுரல சார். வூடு அங்கியே, கெணறு அங்கியே, கழனி அங்கியே. எல்லக் கோட்ட நவுத்தினது சர்க்காரு. கோடு நவுந்தா ஆறு மாச கியாரண்டி நடுவுல வுழுந்து செத்துடுமா?

நாகபூஷணம்: கோடு நான் போடலம்மா.

செங்கம்மா: நானும் போடல. அப்ப ரெண்டு பேரும் கோட்ட வுட்டுட்டு பிரேக்கப் பத்திப் பேசுவோம்.

அப்பாவு: மே, கொஞ்சம் தணிஞ்சு பேசு. எல்லாரும் பாக்கறாங்க.

செங்கம்மா: பாக்கட்டும். காலைல நாம உள்ள வந்தப்ப அந்த ஸ்டூல் மேல குந்திக்கினு ரெண்டு பேரு சிரிச்சாங்களே, அவங்களையும் கூப்டு. காட்டுப்பசங்க, மாட்டு வண்டிய ஓட்டற மாதிரி காரை ஓட்டியிருப்பானுங்கன்னு சொன்னாங்க. எனக்குத் தெலுங்கு தெரியாதுன்னு நெனச்சு சொன்னாங்க.

நாகபூஷணம்: சின்னப் பசங்கம்மா... சரே, பிரேக்கப் பத்தியே பேசலாம். அப்பாவு, நேரா கேக்கறேன். மலையிலேர்ந்து எறங்கும்போது இஞ்சின நிறுத்திட்டீங்க. அப்டித்தானே?

அப்பாவு: நானா?

நாகபூஷணம்: இங்க எல்லாரும் செய்யறதுதான். பெட்ரோல் மிச்சம்னு இஞ்சின அமத்திட்டு, கோவிந்தா கோவிந்தான்னு உருட்டிக்கிட்டே வருவாங்க. வழி பூரா பிரேக் மேலயே கால். அது சூடேறிப் புகையும். அப்பறம் பிரேக் பிடிக்கலன்னு எங்கிட்ட வந்து நிப்பாங்க.

அப்பாவு: அது... வந்து சார்... நான்...

செங்கம்மா: நிறுத்தல. ரெண்டாவது கியர்ல எறங்கின வண்டி. இஞ்சின் உறுமினது எங்க நாத்தனா பொன்னியம்மா காதுல இன்னும் கேட்டுக்கினு இருக்குதாம்.

நாகபூஷணம்: அவங்களக் கூப்டுங்க, கேட்டுடலாம்.

செங்கம்மா: சத்திரத்துல புள்ளைங்களோட இருக்கறா. அவளக் கேட்டு இன்னா பண்ணப் போறீங்க? மொத வளைவுல கண்ண மூடினவ, வண்டி நின்னு அரை நாழி கழிச்சுத்தான் தொறந்தா.

நாகபூஷணம்: எலுமிச்சம்பழம்?

அப்பாவு: இன்னா பழம்?

நாகபூஷணம்: புது வண்டிக்குப் பூச போட்டிருப்பீங்க. சக்கரத்துக்கு ஒண்ணு வச்சு நசுக்கிட்டு, மிச்சத்த வண்டிக்குள்ள போட்டு வப்பீங்க. அது உருண்டு பெடலுக்குக் கீழ போய் உக்காந்துக்கும். மிதிச்சா எப்டி பிடிக்கும்? போன மாசம் ஒரு கல்யாண வண்டில பழத்த நானே என் கையால எடுத்தேன்.

செங்கம்மா: எங்க பழம் மலையடில, அலிபிரிலயே நசுங்கிடுச்சு. ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. வளைவுல வாந்தி வருதுன்னு சின்னவன் அழுதான், மோந்து பாருடான்னு அவன் கைல குடுத்தாச்சு. சத்திரத்துல இப்பவும் அவன் கைலதான் இருக்குது. போய்ப் பாருங்க.

நாகபூஷணம்: எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்க.

செங்கம்மா: நடந்ததச் சொல்றதுக்கு யோசிக்கவா வேணும்?

நாகபூஷணம்: அப்ப இதுக்கும் சொல்லுங்க. கால் பிரேக் போச்சு. கை பிரேக் இருக்கு இல்ல? அத ஏன் இழுக்கல?

செங்கம்மா: இழுக்கலியா? தோள்பட்ட கழண்டு வர்ற மாதிரி இழுத்தேன்! அது பின் சக்கரத்த மட்டும் பிடிச்சுது, வண்டி வாலாட்ட ஆரம்பிச்சுது, அப்பறம்தான்...

நாகபூஷணம்: ...இழுத்தீங்களா? நீங்களா?

அப்பாவு: பக்கத்துலேர்ந்து இழுத்தா சார். எனக்கு ரெண்டு கையும் ஸ்டீரிங்ல... இல்ல மே?

செங்கம்மா: யாரு கை இழுத்தா இன்னா, கை பிரேக் இழுத்தாச்சு. பாறைல ஒரசின பக்கத்தப் பாத்தீங்களா? முன் கதவுலேர்ந்து பின் கதவு வரைக்கும் ஒரே சீரா கோடு. கண்ணு மண்ணு தெரியாம மோதினா அப்டியா இருக்கும்? ஒரசி ஒரசி வேகத்தக் கொறச்ச கோடு அது.

நாகபூஷணம்: அத நானும் பாத்தேன். ஓட்டினவரு கெட்டிக்காரருதான், ஒத்துக்கறேன். ஆனா அப்பாவு... உங்களப் பாத்தா ஒண்ணு புரியல. ஏன் நொண்டறீங்க?

அப்பாவு: கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு சார். ரெண்டு காலும். ராத்திரி பூரா தூக்கமில்ல.

நாகபூஷணம்: எதனால?

அப்பாவு: பிரேக்க மிதிச்சு... மிதிச்சு...

நாகபூஷணம்: ரெண்டு காலாலயுமா?

அப்பாவு: ...உசிருக்குப் பயந்தா ஒத்தக் காலாலயா மிதிப்பாங்க?

நாகபூஷணம்: வெரல்ல என்ன மஞ்சள்? நகக்கண்ணெல்லாம் குங்குமம்?

அப்பாவு: பூச போட்டோம் இல்ல... வண்டிக்கு.

நாகபூஷணம்: வண்டில ஒரு பொட்டு மஞ்சளக் காணோமே.

செங்கம்மா: மலை ஏறி எறங்கின புழுதில பொட்டு நிக்குமா? சார், வெரல வுடுங்க. பிரேக்கப் பாருங்க.

நாகபூஷணம்: பாத்தாச்சும்மா! காலைல சம்பத்து பாத்தான். அவன் எங்க பெரிய மெக்கானிக்கு. வண்டிய யார்டுல மூணு சுத்து சுத்தினான். மிதிச்ச எடத்துல டக்குனு நின்னுச்சு. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அந்த வண்டிய பிரேக் இல்லாத வண்டின்னு நான் எப்டி எழுதறது?

செங்கம்மா: அவரு மிதிச்ச மாதிரி மிதிச்சா நிக்கும். அது எனக்கும் தெரியும்.

நாகபூஷணம்: அப்பறம்?

செங்கம்மா: ஓங்கி மிதிச்சா நிக்கும். மெதுவா மிதிச்சுப் பிடிச்சுக்கினே இருந்தா நிக்காது. சமதரைல எவனும் பிடிச்சுக்கினே இருக்க மாட்டான். மலை எறக்கத்துலதான் அப்டிப் பிடிக்கணும். நேத்து அப்டித்தான் போச்சு. கொஞ்சம் கொஞ்சமா, கால் அடியிலேர்ந்து யாரோ பலகைய உருவிக்கினு போற மாதிரி.

நாகபூஷணம்: அப்பாவு, ஏறுங்க. நீங்க நேத்து மிதிச்ச மாதிரி மிதிச்சுக் காட்டுங்க.

அப்பாவு: இப்பவா?

நாகபூஷணம்: இப்பத்தான். அம்மா அந்தப் பக்கமா உக்காந்துக்கிட்டே இருக்கட்டும், எறங்கச் சொல்லல.

அப்பாவு: சரி... இதோ... மிதிக்கறேன்...

நாகபூஷணம்: ம். நிக்குது. பெடல் நல்லா கல்லு மாதிரி நிக்குது.

செங்கம்மா: ஐயோ, அப்டி இல்லய்யா! பாம்ப மிதிக்கற மாதிரி மிதிக்கறியே! மெதுவா.

அப்பாவு: மெதுவாத்தான்...

நாகபூஷணம்: நிக்குது.

செங்கம்மா: மெதுவான்னா... தொட்டிய காலால ஆட்டுவோமே, கைல வேலையப் பாத்துக்கினே, அந்தப் பதம். அமுத்தக் கூடாது, வுடவும் கூடாது.

நாகபூஷணம்: ஓட்டினது இவரு. தொட்டில் ஆட்டற பதம் இவருக்கு எப்டித் தெரியும்?

அப்பாவு: எங்க வூட்ல நான்தான் சார் தொட்டி ஆட்டுவேன்.

செங்கம்மா: நீ எறங்குய்யா. சார், நீங்க ஏறுங்க.

நாகபூஷணம்: நானா?

செங்கம்மா: நீங்கதான். உங்க காலாலயே பாருங்க. அப்பறம் நாங்க ஏமாத்தினோம்னு இருக்காது. சம்பத்தையும் கூப்புடுங்க. சிரிச்ச ரெண்டு பேரையும் கூப்புடுங்க.

நாகபூஷணம்: ஏய் சம்பத்து, இக்கட ரா! மீரு கூடா ரண்டி... ம், ஏறிட்டேன். சொல்லுங்க.

செங்கம்மா: கால வைங்க. பட்டும் படாம அமுத்துங்க. பெடல் நடுவுல நின்னுச்சா?

நாகபூஷணம்: நின்னுச்சு.

செங்கம்மா: அங்கியே வச்சிருங்க. வுடாதீங்க, அதட்டாதீங்க. இப்ப கோவிந்தா சொல்லுங்க.

நாகபூஷணம்: எதுக்கு?

செங்கம்மா: மலையிலேர்ந்து எறங்கறோம் இல்ல? மனசுக்குள்ள வளைவு ஒண்ணு வருதுன்னு வச்சுக்குங்க. சொல்லுங்க.

நாகபூஷணம்: கோவிந்தா... கோவிந்தா... நல்லாத்தாம்மா இருக்கு... கோவிந்தா... ஒண்ணும்... கோவிந்தா...

அப்பாவு: இன்னா சார்?

நாகபூஷணம்: ...போகுது.

அப்பாவு: போவுதா?

நாகபூஷணம்: இரு, இரு... போகுது... தேவுடா. தரையத் தொட்டுடுச்சு. நான் அமுத்தவே இல்ல. தானா போகுது. சம்பத்து, சூசினாவா? பாத்தியா?

செங்கம்மா: இப்ப பயமா இருந்துச்சா சார்?

நாகபூஷணம்: இருங்கம்மா, கால எடுத்துக்கறேன்.

செங்கம்மா: வண்டி ஒர்க்‌ஷாப்புல நிக்குது. கீழ சிமெண்டு தரை. இதுக்கே உங்க மொகம் வெளுத்துப் போச்சு. நேத்து கீழ அலிபிரி தெரிஞ்சுது சார். தேங்கா கட எல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சுது. பின்சீட்ல புள்ள, எலுமிச்சம்பழத்த மோந்து பாத்துக்கினு, இன்னும் எவ்ளோ தூரம்னு கேக்குது. அதுக்குப் பதில் சொல்லிக்கினே நிறுத்தின வண்டி இது. இதுக்குத்தான் கவனக்குறைவுன்னு எழுதி வச்சிருக்கீங்க.

அப்பாவு: மே... அழுவாத மே.

செங்கம்மா: நான் எங்க அழுவறேன்? கோவம். கோவம் வந்தா எனக்குக் கண்ணுல தண்ணி வரும், உனக்குத் தெரியாதா?

நாகபூஷணம்: ஏய், நீங்கல்லாம் போய் வேலையப் பாருங்கப்பா... சம்பத்து மட்டும் இருக்கட்டும்.

செங்கம்மா: எதுக்கு? எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லுங்க.

நாகபூஷணம்: அம்மா, இது... மாஸ்டர் சிலிண்டர்னு ஒண்ணு இருக்கு. பெடல மிதிச்சா எண்ணெயத் தள்ளற குழாய் அது. உள்ள ஒரு ரப்பர் கப்பு. அந்த ரப்பரு சரியில்லன்னா, வேகமா தள்ளினா பிடிக்கும். மெதுவா தள்ளினா எண்ணெய் ஓரமா நழுவித் திரும்பிப் போயிடும். பெடல் கீழ போயிடும்.

செங்கம்மா: பாக்காமலே எப்டி சொல்றீங்க?

நாகபூஷணம்: இது மொத வண்டி இல்லம்மா.

அப்பாவு: இன்னா சொல்றீங்க?

நாகபூஷணம்: தை மாசத்து வண்டிங்க. மாசி கடைசில ஒண்ணு வந்துச்சு. பங்குனில ஒண்ணு. பெடல் கீழ போகுதுன்னுதான் அவங்களும் சொன்னாங்க. யார்டுல சுத்திப் பாத்தோம், டக்குனு நின்னுச்சு. மேல எழுதிக் கேட்டேன். ஓட்டினவர் தப்புன்னு கையெழுத்து வாங்குங்கன்னு பதில் வந்துச்சு. கூடவே ஒரு பெட்டி புது ரப்பரும் வந்துச்சு. அப்பவே புரிஞ்சிருக்கணும்... புரிஞ்சுது. புரியாத மாதிரி இருந்துட்டேன்.

செங்கம்மா: அவங்க கையெழுத்துப் போட்டாங்களா?

நாகபூஷணம்: ஒருத்தரு மொதலாளி. அவரு டிரைவர் மேல போட்டுட்டாரு. இன்னொரு வண்டிய ஓட்டினவன் ஏழுமலைன்னு ஒருத்தன், சந்திரகிரி ஆளு. புளிய மரத்துல விட்டிருந்தான். கையெழுத்துப் போட்டான்.

அப்பாவு: இப்ப எங்க இருக்கறாரு?

நாகபூஷணம்: வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க. வேற யாரும் வண்டி குடுக்கல. பஸ் ஸ்டாண்டுல மூட்ட தூக்கறான். என்னப் பாத்தா கும்புடறான்... அதான் கஷ்டமா இருக்கு.

செங்கம்மா: பாத்தியாய்யா? பேனா இருக்குதான்னு கேட்டியே.

அப்பாவு: இனிமே கேக்கல மே.

செங்கம்மா: இப்ப இன்னா பண்ணப் போறீங்க சார்?

நாகபூஷணம்: புது ரப்பரு போட்டுத் தர்றேன். நீங்க யாருகிட்டயும்...

செங்கம்மா: இல்ல.

நாகபூஷணம்: நான் இன்னும் முடிக்கலம்மா.

செங்கம்மா: நீங்க முடிக்கறதுக்குள்ள சொல்லிடறேன். ரப்பரு மட்டும் வேணாம். அந்தக் குழாயே புதுசா வேணும். பாறைல ஒரசின கதவும் உங்க செலவுலதான் நிமிரணும். கியாரண்டின்னு எழுதித்தான் செய்யணும், தயவுன்னு எழுதக் கூடாது. அந்தப் பேப்பரக் கிழிக்கணும். ஏழுமலைய வரச் சொல்லி அவரு வண்டிக்கும் இதே மாதிரி கோவிந்தா சொல்லிப் பாக்கணும்.

அப்பாவு: மே, ஒண்ணொண்ணா கேளு மே...

செங்கம்மா: இன்னும் ஒண்ணு இருக்குது.

நாகபூஷணம்: இன்னுமா!

செங்கம்மா: அதுதான் பெருசு. வாய வுட்டு சொல்லணும். காலைல சிரிச்சவங்க எதிருல, சத்தமா. ஓட்டினவங்க மேல தப்பு இல்லன்னு.

நாகபூஷணம்: அத எதுக்கும்மா? வண்டி சரியாகுது, கியாரண்டி கிடைக்குது. வாய் வார்த்தைல என்ன இருக்கு?

செங்கம்மா: எனக்கு அதுலதான் இருக்குது. சொல்ற வரைக்கும் வண்டிய வுட்டு எறங்க மாட்டேன். கம்பெனில கேட்டா, வரதய்யபாளையத்துப் பிசாசு ஒண்ணு வாசல அடச்சிக்கினு குந்திக்கிச்சுன்னு சொல்லுங்க.

நாகபூஷணம்: என் வேலைக்கே வேட்டு வச்சுடுவீங்க போல இருக்கு... அப்பாவு, நீங்க எப்டி இவங்களோட குடும்பம் நடத்தறீங்க?

அப்பாவு: பக்கத்துல குந்திக்கினு வேடிக்க பாப்பேன் சார். வழி அவளே பாத்துக்குவா.

நாகபூஷணம்: ...சரே. இந்தாங்க, கிழிச்சாச்சு. நாலா கிழிச்சாச்சு. சம்பத்து! ஸ்டோர்லேர்ந்து புது சிலிண்டர் எடு. கியாரண்டின்னே எழுது, நான் கையெழுத்துப் போடறேன். மேலேர்ந்து கேட்டா, என் காலாலயே மிதிச்சுப் பாத்தேன்னு நானே சொல்லிக்கறேன். இன்னிக்கே ஏழுமலைக்கும் ஆள் அனுப்பு... ஏய், எல்லாரும் இங்க வாங்கப்பா. ஸ்டூல் மேல இருக்கறவங்களும்தான். நேத்து அலிபிரிக்கு மேல நின்ன இந்த வண்டி... இதுல பிரேக் கெட்டுப் போயிருந்துச்சு. கம்பெனி தப்பு. ஓட்டினவங்க மேல தப்பு இல்ல. போதுமாம்மா?

செங்கம்மா: கடைசில சொன்னது மட்டும் இன்னொரு தபா.

நாகபூஷணம்: ஓட்டினவங்க மேல ஒரு தப்பும் இல்ல! இவ்ளோ நல்லா ஓட்ட இங்க ஒருத்தனுக்கும் வராது! எறங்குங்க தாயே!

செங்கம்மா: ...எறங்கறேன். கால் மரத்துப் போச்சு. யோவ், கையக் குடு.

*

நாகபூஷணம்: இந்தாங்க அப்பாவு, சாவி. நானே அலிபிரி மேட்டுல ஏத்தி எறக்கிப் பாத்துட்டேன். மெதுவா பிடிச்சா மெதுவா நிக்குது, ஓங்கிப் பிடிச்சா டக்குனு நிக்குது. கதவுக்குப் பெயிண்டு மட்டும் அடுத்த வாரம்.

அப்பாவு: அவகிட்ட குடுங்க சார். நான் கெளம்பறேன். பொழுது சாயறதுக்குள்ள ஏற ஆரம்பிச்சாத்தான் ஆவும்.

நாகபூஷணம்: எங்க? வண்டி இங்க நிக்குது, நீங்க வாசலப் பாத்து நடக்கறீங்க?

அப்பாவு: அலிபிரிக்கு. மலைக்கு நடந்து போறேன். பாதிப் படி பாக்கி இருக்குது.

நாகபூஷணம்: என்ன படி?

அப்பாவு: வேண்டுதல் சார். மெட்ராஸ்லேர்ந்து புது வண்டி நல்லபடியா வூடு வந்து சேந்தா, கீழ்ப் படிலேர்ந்து மேல்ப் படி வரைக்கும் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைக்கறேன்னு வேண்டிக்கினேன். நேத்து விடியகாலைல ஆரம்பிச்சேன். சாயந்திரம் நடுப்படில குனிஞ்சு பொட்டு வச்சிக்கினு இருக்கறப்பதான், வரதய்யபாளையத்து வண்டி பாறைல மோதிடுச்சுன்னு ஒருத்தன் கத்திக்கினே வந்தான். மஞ்சத் தட்ட அங்கியே போட்டுட்டு, நாலு நாலு படியாத் தாண்டி எறங்கி ஓடியாந்தேன். அதான் கெண்டைக்கால்...

நாகபூஷணம்: இரு இரு. நேத்து வண்டி மலையிலேர்ந்து எறங்கும்போது... நீ வண்டிலயே இல்லியா?

அப்பாவு: நான் எங்க இருந்தேன்? படில இல்ல இருந்தேன்.

நாகபூஷணம்: அப்ப... நாலு உசிருன்னு சொன்னது... தொட்டில் பதம்... அம்மா! அப்ப ஸ்டீரிங்ல யாரு?

செங்கம்மா: காலைல லைசென்ஸ் காட்டுன்னு அவரத்தானே கேட்டீங்க, எங்கிட்ட கேக்கலியே. எங்கிட்டயும் இருக்குது சார், மெட்ராஸ் முத்திரையோட. பொம்பள ஓட்டினான்னு காலைலயே சொல்லியிருந்தா, பெடல்ல கால் வச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டீங்க. சிரிச்சுட்டுப் போயிருப்பீங்க. ஓட்டினவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு ஊரக் கூட்டி வச்சு சொன்னீங்களே, அது என்னியத்தான். சாவிய இங்க குடுங்க. அப்டியே கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டிய ரிவர்ஸ் எடுக்கணும்.